பேனா மூடிய பிறகு பேசியது

என் அத்தை சுருக்கெழுத்துக்காரி. எங்கள் தீவு இனி யாருக்கு என்று இரண்டு நட்பு அரசுகள் பதினோரு வருடம் பேசின. அத்தனையையும் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் அவள். தீவுக்காரர்களில் அந்த அறைக்குள் கால் வைத்தவள் அவள் ஒருத்திதான்.

எங்களை ஆண்ட அரசின் குழுவுக்குத் தலைவர், முன்பு தீவில் அதிகாரியாக இருந்த ஆள். "முடிவெடுக்குமுன் எங்களையும் கேளுங்கள்" என்று மனுக் கொடுத்த என் அப்பாவைச் சிறையில் தள்ளியதும் அவர்தான். அப்பா பிணமாகத்தான் வெளியே வந்தார். அண்ணனை உரித்து வைத்த முகம் அத்தைக்கு. இருந்தும் அந்த ஆளுக்கு அடையாளம் தெரியவில்லை. குறிப்பெடுப்பவளின் முகத்தை எந்தத் துரை நிமிர்ந்து பார்த்தார்?

நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அத்தை திட்டமாட்டாள். "மொதல்ல என் வேலைமேல அந்தாளுக்கு நம்பிக்கை வரட்டும்டா" என்பாள்.

வந்தது. அவள் குறிப்பில் ஒரு பிழை கிடையாது. ஆரம்பத்தில் வரிவரியாகப் படித்தவர்கள், போகப்போகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தை மட்டும் போட்டார்கள்.

அந்த அறையில் ஒரு வழக்கம். தலைவர் பேனாவை மூடிவிட்டால், பிறகு பேசுவது குறிப்பில் ஏறக்கூடாது. கடைசி நாள் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "தீவுக்காரங்கள எதுக்குக் கேக்கணும்? மாட்டக் கேட்டுட்டா மாட்ட விக்கறோம்? கேட்டா, நம்ம ரெண்டு பேருமே வேண்டாம்பாங்க. ரகசியமா கணக்கெடுத்துப் பாத்துட்டு அமுக்கி வெச்சிருக்கேன்." எதிர்த்தரப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அத்தை பென்சிலை நிறுத்தவில்லை.

மாலையில் தட்டச்சு செய்து நீட்டினாள். இரு தரப்புத் தலைவர்களும் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விதிப்படி அந்தக் குறிப்பு ஒப்பந்தத்தோடு இரண்டு நாடாளுமன்றங்களுக்கும் போனது. மறுநாள் பத்திரிகைகளில் மாடுதான் முதல் பக்கம்.

அவர் அத்தையைக் கூப்பிட்டுக் கத்தினார்: "நான் பேனாவ மூடினத நீ பாக்கலியா?"

"பாத்தேன் ஐயா."

"எல்லாம் பொய்னு சொல்லிடுவேன்!"

"தாராளமா சொல்லுங்க. அப்ப பதினோரு வருஷமா நான் எழுதினது, நீங்க கையெழுத்துப் போட்டது எல்லாமே பொய்னு ஆயிடும். எங்கண்ணன் பேரு ஞாபகம் இருக்கா ஐயா?"

அவருக்கு நினைவில்லை. அந்த வாரமே பதவி போனது. அத்தைக்கும் வேலை போனது. ஒப்பந்தத்தைக் கைவிட்டு, தீவில் வாக்கெடுப்பு அறிவித்தார்கள். தெருவே கூத்தாடியது.

அத்தைக்கு மட்டும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"உசுரோடதானேடா வீட்டுக்குப் போனான்" என்றாள்.