ஆலை வாசல் முட்டையக்கா

வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு அக்கா மேல் பன்னிரண்டு வருஷத்து மனத்தாங்கல். ஒரே ஒரு நாள் அவசரப்பட்டு, குக்கர் வெயிட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிட்டான். புஸ்ஸென்று ஆவி பீறிட்டது. உள்ளே இருந்த இருபது முட்டையும் வெடித்துப்போயின. "இரும்போட மல்லுக்கட்டுற கைடா இது. என் அடுப்புப் பக்கம் வந்துடாதே" என்று அன்றைக்குச் சொன்னவள்தான், அப்புறம் தண்ணீர் ஊற்றக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வேறு செய்தாள்.

ஊருக்கு அவள் முட்டையக்கா. புருஷன் போன மறு மாசமே நூலாலை வாசலில் கூடையோடு உட்கார்ந்தவள். சங்கு ஊதுவதற்குள் அறுபது முட்டை காலியாகும். குக்கரில் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், மேலே ஓட்டைத் தட்டு, அதன் மேல் முட்டை. விசில் வரவிடாமல் சின்னத் தீயில் ஐந்து நிமிஷம். அவ்வளவுதான், தட்டினால் ஓடு இரண்டே துண்டாகக் கழன்றுவிடும்.

இப்போது அவளுக்கு நுரையீரலில் நீர். கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு நாளாகக் கூடை வரவில்லை, மூன்றாம் நாளும் வராவிட்டால் இடம் பன் விற்கிறவனுக்கு என்று ஆலைக் காவலாளி சொல்லி அனுப்பிவிட்டார்.

விடிந்ததும் தம்பியே குக்கரை எடுத்தான். கட்டிலில் இருந்தபடியே அவள் அதட்டினாள்.

"தண்ணி எவ்வளவுடா?"

"ரெண்டு டம்ளர்."

"எந்த டம்ளர்? உன் வாய் மாதிரி பெருசா?"

"பேசாம படுக்கா. மூச்சு வாங்குது."

"அது என் பாடு. நீ தீயைக் குறை, சத்தம் மாறுது பாரு."

அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி அடங்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மூன்று ஈடும் அப்படியே. பச்சைத் தண்ணீரில் போட்டு, ஒன்றை உரித்து நீட்டினான். கீறல் இல்லை. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாப்பிடத்தான் முடியவில்லை.

"நான்தான்டா உன்னை வீணா விரட்டிட்டேன்."

"சும்மா இரு, நேரமாச்சு" என்று எரிந்து விழுந்தான்.

முட்டை விற்றது. இடம் தங்கியது. வெறும் கூடையோடு திரும்பினால், பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே நிற்கிறாள். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

காலையில் அவன் படியிறங்கும்போது அக்கா கூப்பிட்டுக் கடைசியாகச் சொன்னது இது:

"டேய், அங்க பெருக்குற பெரியவருக்குப் பல்லு கிடையாது. வாய் திறந்து கேக்கவும் மாட்டார். ஒண்ணை எடுத்து மசிச்சு, நீயாவே கூப்பிட்டுக் குடு. எல்லாரும் உள்ள போனப்புறம் குடு, கூச்சப்படுவார்."