முன்னால் நடந்த மேஸ்திரி

எழுபதுகளின் கடைசியில், குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஜீப்புப் பாதை போட்ட ஆட்களுக்கு ஒரு பெண்தான் மேஸ்திரி. நெடிய உருவம், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. மழை வந்தால் எல்லோரும் கொட்டகைக்கு ஓடுவார்கள். அவர் மட்டும் மண்வெட்டியோடு பாதைக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்ப்பார்.

ஒரு ஐப்பசி மழையில், பிரசவ வலி கண்ட பெண்ணைப் போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். ஒரு வளைவில், பாதைக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலேயே பாய்ந்தது. மேஸ்திரி பாதையோரம் குழாய் வாயருகே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அடைத்திருந்த மரக்கட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். நாங்களும் இறங்கி இழுத்தோம். தண்ணீர் வடிந்தது. ஆனாலும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

“பள்ளத்துப் பக்கம் மண்ணு ஊறிக் கெடக்குக்கா. சரிஞ்சிருமோன்னு இருக்கு.”

“நான் முன்னால நடக்குறேன். எம் பின்னாலயே வா, அப்பு.”

காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தபடி அவர் பள்ளத்து ஓரமாகவே நடந்தார். ஜீப்பு பின்னால் ஊர்ந்தது. வளைவைக் கடந்ததும், “பயமா இல்லையாக்கா?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு. ரோட்டைப் போட்டது நாந்தான, வேற யாரை நடக்கச் சொல்ல?”

அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ சாலைகளில் போய்விட்டேன். போட்டவரே முன்னால் நடந்து கூட்டிப்போன சாலை அது ஒன்றுதான்.