திருவாதிரைக்கு வயதாகிவிட்டது

கடலூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலைக்கு என்னை டெமோ வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் பிறந்த பிறகு வீட்டைவிட்டு வெளியே போகக் கிடைத்த ஒரே வழி அது. எம்.எஸ்ஸி.யில் எனக்குப் பிடித்த பாடத்தையே தேர்ந்தெடுத்தேன்: நட்சத்திரங்களின் கடைசிக் காலம்.

டெமோவுக்கு முந்தின நாள் மதியம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "எரிபொருள் தீர்ந்தால் நட்சத்திரத்தின் மையம் சுருங்கும். வெளிப்பகுதி ஊதிச் சிவக்கும். நம்முடைய திருவாதிரை இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. சாகப்போகிற நட்சத்திரம். ஒருநாள் வெடித்துவிடும்."

அத்தை முருங்கைக்கீரையும் கையுமாக வந்து நின்றார். என் மகள் பிறந்ததும் திருவாதிரையில்தான்.

"என்னாடி வாயி இது? புள்ள நட்சத்திரத்தப் போயி சாவும், வெடிக்கும்ன்ற!"

"அது வானத்துல இருக்குறதும்மா" என்றார் சாப்பிட வந்திருந்த கணவர்.

"புள்ளையோடது மட்டும் அடுப்படியிலயா இருக்கு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காலையிலேயே சிதம்பரம் போய்க் குழந்தை பேருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அத்தை முடிவெடுத்தார். டெமோ இருக்கிறதே என்றேன். "பெத்தவ வராம எப்புடி?" என்றார். கணவர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கு நானே போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

விடிந்தபோது காய்ச்சல் இல்லை.

"விட்டுடுச்சு அத்த. நான் ஸ்கூலுக்குப் போவட்டா?"

"நேந்துக்கிட்டேன், அதான் விட்டுச்சு. இப்பப் போவலன்னா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் அவருக்கு விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். திருவாதிரையின் ஒளி நம்மிடம் வந்து சேரப் பல நூறு வருடங்கள் ஆகும், இன்று நாம் பார்ப்பது பழைய ஒளி. அப்படியென்றால் அது ஏற்கெனவே வெடித்திருக்கவும் கூடும். வாயை மூடிக்கொண்டேன்.

சன்னதியில் தீட்சிதர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரைச் சொன்னேன். நட்சத்திரத்துக்கு அத்தையைப் பார்த்தேன். அத்தைதான் சொன்னார். கண்ணை மூடி, அதன் எரிபொருள் தீராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள்.

திரும்பும்போது, பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் தலைமை ஆசிரியை அழைத்தார்.

"குழந்தைக்கு இப்ப பரவால்லியா? நாளைக்கு வந்துருங்க. நட்சத்திரப் பாடம்தானே? பசங்க ஆர்வமா இருக்காங்க."

அத்தை என் வாயையே பார்த்தார்.

"இல்ல மேடம். ஒளி விலகல் எடுக்குறேன்."

"ஏம்மா? அத யாரு வேணா எடுப்பாங்களே."

"அதுதான் மேடம் நல்லா வரும்."

அத்தை நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கை குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. சூடு இல்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.