துருப்பிடித்த நத்தை

என் அண்ணிக்கு அருங்காட்சியகத்தில் ஜாடி வேலை; செத்த உயிரினங்களைக் கெடாமல் வைக்கும் ஜாடிகள். எரிசாராயம் குறைந்தால் ஊற்ற வேண்டும், மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உள்ளே கிடக்கும் சீட்டு மங்கினால் பென்சிலால் புதிதாக எழுதிப் போட வேண்டும். பதினெட்டு வருஷமாக ஒரு ஜாடி உடைந்ததில்லை.

ஆழ்கடலின் அடியில், வெந்நீர் பீறிடும் பிளவோரத்திலிருந்து எட்டு நத்தைகள் வந்தன. காலைச் சுற்றி ஓடு வேய்ந்தாற்போல் கருஞ்செதில்கள். ஆராய்ச்சிக்கென ஒன்றை உறைபெட்டியில் வைத்துவிட்டு, மற்ற ஏழையும் அண்ணி ஜாடியில் போட்டாள்.

இரண்டே மாதத்தில் ஜாடி செம்பழுப்பாகிவிட்டது. காப்பாளர் தாம்தூம் என்று குதித்தார். தகர மூடி துருப்பிடித்து, அந்தத் துரு உள்ளே இறங்கிவிட்டதாம், அண்ணி கவனிக்கவில்லையாம். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலை போய்விடும். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன், அங்கேயே எழுத்தராக இருக்கும் நான்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம்.

“போட்டுடுங்க அண்ணி. ஒரு கையெழுத்துதானே.”

“செய்யாத தப்புக்கா? மூடியப் பார்த்தியா நீ? பளபளன்னு இருக்கு. துரு நத்தையோட கால்லருந்து வருது.”

“நத்தை எங்கயாவது துருப்பிடிக்குமா?”

“செதில்ல இரும்பு இருக்குடா. காந்தத்த வச்சேன், ஒட்டிக்கிச்சு.”

நேரே காப்பாளர் அறைக்குப் போனாள். நானும் வால்போலப் பின்னால் போனேன்.

“எனக்கே பாடம் எடுக்கறியாம்மா?” என்றார் அவர்.

“உறைபெட்டியில இருக்கறத கண்ணாடி மூடி போட்ட ஜாடியில வைங்க சார். உங்க அலமாரியிலயே பூட்டுங்க, சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். துருப்பிடிக்கலன்னா நானே போயிடறேன்.”

வீட்டில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பிள்ளைகளின் படிப்பை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டான். அவள் பாட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய் மற்ற ஜாடிகளைத் துடைத்தாள். இத்தனை திமிர் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒன்பதாவது வாரம் காப்பாளர் அலமாரியைத் திறந்தார். இரும்பு என்று ஒரு ஆணிகூட இல்லாத அந்த ஜாடிக்குள் எரிசாராயம் தேநீர் நிறத்தில் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரி, விடும்மா. அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போட்டுடலாம்.”

“கிழிக்காதீங்க சார். என் பேர அடிச்சிட்டு உங்க பேர எழுதி, கீழ கையெழுத்து போடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், அவளை வெளியே கூட்டிப் போ என்பதுபோல. நான் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினேன்.