நடுக்குரல்

ஜேர்மனியில், எசன் நகரத்தில், ஒரு சிறிய இசைக்குழுவில் நான் வியோலா வாசிக்கிறேன். வியோலா வயலினுக்கு மூத்த அக்கா மாதிரி: உடம்பு பெரிது, குரல் தாழ்ந்தது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கணவர் பஸ் சாரதி, விடியப்புற வேலைக்காரர். என் கச்சேரி ஒன்றையும் தவறவிடமாட்டார். முன்வரிசையில் உட்கார்ந்து, கையைக் கட்டி, மூன்றாவது நிமிடத்தில் நித்திரையாகிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாங்கள் வாசித்தது, முழுக்கத் தந்தி வாத்தியங்களுக்காகப் முன்னூறு வருடத்துக்கு முந்திய பரோக் காலத்தில் எழுதிய ஒரு கொன்செர்ட்டோ. அதில் நாலு பேர் தனியாகப் பேசுவார்கள். பிறகு குழு முழுவதும் பதில் சொல்லும். சத்தம் மெல்ல மெல்ல ஏறாது, படி ஏறுவதுபோல் சட்டென்று பெரிதாகும், சட்டென்று சிறிதாகும். கோல் பிடித்து நடத்த ஆள் கிடையாது. முதல் வயலின்காரி மூச்சை இழுத்தால் நாங்களும் இழுப்போம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. இன்றைக்காவது இந்த மனிதர் என்னைக் கேட்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. புறப்படுமுன் இரண்டு கோப்பை கோப்பி கொடுத்திருந்தேன்.

இரண்டாம் பகுதி மெதுவானது. கீழே பாஸ் என்னும் தாழ்ந்த குரல் தந்திகள் அவசரமில்லாமல் நடந்துகொண்டே இருந்தன. மேலே இரண்டு வயலின்கள் ஒன்றையொன்று உரசி, விலகி, மறுபடி உரசின. வர்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் என் இசைத்தாளில் நீலமாகக் கிடந்தது. நான்தான் வாசிக்கிறேனா, யாரோ வாசிப்பதைக் கனவில் கேட்கிறேனா என்று தெரியவில்லை. எனக்கு உடம்பே இல்லாததுபோல் இருந்தது. அந்தச் சுகத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

இரண்டு கோப்பி குடித்த மனிதர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் நான் நுழையவேண்டிய இடம் கைதவறிப் போய்விட்டது. வில் அந்தரத்தில் நின்றது. பாஸ் நடந்தது, வயலின்கள் பாடின, நடுவில் நான் மட்டும் இல்லை. அவசரமாகத் தாளில் இடம் தேடினேன். பக்கத்தில் செலோ வாசித்தவர்கூடத் திரும்பவில்லை. நான் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது என்று தெரிந்தபோது அழுகை வந்தது. எப்படியோ ஓர் இடத்தைப் பிடித்து உள்ளே புகுந்தேன்.

முடிந்ததும் எல்லோரும் கைகொடுத்தார்கள். ஒரு பிழையும் இல்லை என்று முதல் வயலின்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

காரில் ஏறியதும் சண்டையைத் தொடங்கினேன்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கும் நித்திரையோ?”

“ஓம், நல்ல நித்திரை,” என்றார், வெட்கமில்லாமல். சாவியைத் திருப்பப் போனவர் கையை எடுத்தார். “அது சரி, நடுவில ஏன் நிப்பாட்டினனீர்? நான் திடுக்கிட்டு முழிச்சுப் போட்டன். நீர் திரும்பத் துடங்கின பிறகுதான் கண்ணை மூடினனான்.”

அங்கே முழித்திருந்த அத்தனை பேரையும் நினைத்துப் பார்த்தேன்.

“இரவைக்கு என்ன சமைக்க?” என்று மட்டும் கேட்டேன்.