டியூப்லைட்டும் அவள் தம்பியும்

அந்த லிஃப்ட் கம்பெனியின் மெக்கானிக்குகளில் அவள் ஒருத்திதான் பெண். எல்லோரும் அவளை டியூப்லைட் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது தம்பி. வீட்டிலிருந்து எப்படியோ வேலைக்கும் வந்துசேர்ந்துவிட்டது. எதைச் சொன்னாலும் "ம்" என்பாள். சொன்னது உள்ளே போய் எரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மூன்று சாமான் வாங்கிவரச் சொன்னால் இரண்டு வரும், கூடவே யாரும் கேட்காத ஒன்றும் வரும். பெயருக்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. "லேட்டானாலும் எரியுதில்ல" என்பாள்.

வேலையில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். எந்த ஒயரைக் கழற்றினாலும் அதன் நுனியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எங்கிருந்து கழற்றியது என்று எழுதிவிடுவாள். அவள் வேலை செய்யும் லிஃப்ட் மோட்டார் அறையில் கல்யாணத் தோரணம் மாதிரி கலர் கலராக டேப் தொங்கும். கூட இருந்தவர்கள் கிண்டலடித்தார்கள், பிறகு பழகிப்போனார்கள்.

சொந்தக்காரர்கள் மட்டும் அந்த மறதியைச் சிரித்துக் கடக்கவில்லை. காரணம் அப்பா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறார் என்று அப்பா நம்பத் தொடங்கினார். அப்போது அவர் பெயிண்டர். ஆஸ்பத்திரிக்குப் போகவே பல வருஷம் ஆயிற்று. அதற்குள் வேலை போனது, சிநேகிதர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இப்போது மாத்திரையோடு நன்றாக இருக்கிறார். சமையல் முழுக்க அவர் கையில். அம்மா சலவைக்கூடம் ஒன்றில் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். சொந்தக்காரர்கள் வந்தால் பெண்ணைத்தான் உற்று உற்றுப் பார்ப்பார்கள். "அப்படியே அப்பா ஜாடை. மறதி வேற இருக்கு" என்று பெரியம்மா அவள் காதுபடவே சொன்னாள்.

தம்பியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்ட போன் நம்பரை அவன் மறக்கமாட்டான். வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டரின் நம்பரைக்கூட ஒப்பிப்பான்.

அப்பா மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. இளம் வயதினரின் ஞாபகசக்தியை அளந்து, எச்சிலில் இருந்து மரபணுக்களைப் படித்து, இரண்டுக்கும் மனநோய் வரும் வாய்ப்புக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார்கள். நோய் வந்தவர்களின் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். அவள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள், தம்பி பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருந்தான். இரண்டு பேரும் போனார்கள்.

எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தம்பி தண்ணீர் குடிப்பது மாதிரி சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நான்காவது எண்ணிலேயே தடுக்கி விழுந்தாள். குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, தம்பியை வெளியே அனுப்பி, ஆய்வு செய்த டாக்டரம்மாவிடம் நின்றாள்.

"மேடம், நேரா கேக்கறேன். எனக்கு வருமா?"

"இதை வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"மார்க் கம்மியாத்தானே வாங்கியிருக்கேன்."

"கம்மிதான். இதே மார்க் வாங்கிட்டு எந்த நோயும் வராம இருக்கறவங்கதான் அதிகம். ஞாபகசக்தியோ இந்த நோயோ, ரெண்டுக்குமே ஒரே ஒரு ஜீன் காரணம் இல்ல. ஏகப்பட்டது சேர்ந்து வேலை செய்யுது, ஒவ்வொண்ணோட பங்கும் ஒரு சிட்டிகைதான். அதுல சிலது ரெண்டுக்கும் பொது. நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதோ ஒரு பக்கம் சாயறது தெரியும். உன்னை மட்டும் தனியா நிறுத்தி, உனக்கு வரும், வராதுன்னு சொல்ல எங்களால ஆகாது."

"அப்பாவுக்கு இருக்கே?"

"அதனால மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். ஆனா இப்படிப்பட்ட பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்ல."

"அப்போ நான் எதைத்தான் கவனிக்கறது?"

"உனக்கு எவ்வளவு ஞாபகம் நிக்குதுங்கறதை விடு. இருந்தது மாதிரி இல்லாம ஆள் மாறினா அதைக் கவனி. தூக்கம், பேச்சு, பழக்கம், படிப்பு. மாறினா உடனே வா. சீக்கிரம் வந்தா எவ்வளவோ செய்யலாம்."

வீட்டுக்கு வந்து சமையலறையில் அப்பாவிடம் இதைச் சொன்னாள். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு உடம்பு முடியாம இருந்தப்போ மறதியே கிடையாது தெரியுமா" என்றார். "எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. நடக்காததும் சேர்த்து."

அவள் சிரித்துவிட்டாள். வெகுநாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் அன்றைக்கு எழுந்து போயிற்று. பெரியம்மா அடுத்த முறை வந்து ஜாடைப் பேச்சை எடுத்தபோது, "ஆமா பெரியம்மா, மூக்குகூட அப்பா மூக்குதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

தம்பி கல்லூரியில் கணக்கியல் படித்தான். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் அவனைக் கடைக்கு அனுப்பினார்கள். வெறுங்கையோடு வந்தான். என்ன வாங்கச் சொன்னார்கள் என்பதே அவனுக்கு நினைவில்லை. அம்மா சிரித்தாள்: "அக்கா வியாதி தம்பிக்கும் ஒட்டிக்கிச்சு." டியூப்லைட் சிரிக்கவில்லை. அவளுக்கு மறப்பது பிறவிக்குணம். இவனுக்கு அது புதுசு.

அதன்பிறகு கண்ணில் படப் பட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தூங்குவதில்லை. சிநேகிதர்கள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. போன் கேமராவின் மேல் பசைக் காகிதம் ஒட்டியிருந்தான். வகுப்பில் யாரோ தன் மார்க்கைத் திருத்துவதாகச் சொன்னான். லிஃப்டில் ஏறமாட்டேன், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தன் பேச்சைக் கேட்கிறது என்றான்.

"பரீட்சை டென்ஷன். விட்டா சரியாயிடும்" என்றாள் அம்மா.

"அப்பாவையும் விட்டுத்தானே பார்த்தீங்க" என்றாள் மகள்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. சொன்னதற்காக அவள் வருந்தினாள், ஆனால் பின்வாங்கவில்லை.

தனக்குத் தெரிந்த வேலையைத்தான் முதலில் செய்து பார்த்தாள். தம்பியைத் தன் பொறுப்பில் இருந்த ஒரு கட்டடத்துக்கு அழைத்துப் போய், லிஃப்டின் பட்டன் பலகையைத் திறந்து ஸ்பீக்கரைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். "பாரு, அவசரத்துக்குப் பேசறதுக்கு. பட்டனை அழுத்தினாத்தான் லைன் போகும்."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குக் காட்றதுக்காக வேற ஒண்ணை மாட்டியிருக்காங்க. உனக்கே தெரியாது."

வாதம் பண்ணிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. ஸ்பீக்கரை மாட்டி மூடினாள். படிக்கட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, அதை விடு. தூக்கம் வரலைன்னியே, அது நிஜம்தானே?"

"ம்."

"கஷ்டமா இருக்கா?"

அவன் நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். பிறகு, "தலை வெடிக்கற மாதிரி இருக்குக்கா" என்றான். டியூப்லைட் என்று சொல்லாமல் அக்கா என்று அவன் கூப்பிட்டே வருஷக்கணக்காகியிருந்தது.

"தூக்கத்துக்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போம். மத்ததை நீ சொன்னா சொல்லு, சொல்லாட்டி போ. நான் வெளியவே உட்கார்ந்திருக்கேன்."

போனார்கள். அப்பாவும் கூட வந்தார். காத்திருக்கும் அறையில் அவர் மகனிடம் ரேடியோக் கதையை முதல்முறையாக முழுசாகச் சொன்னார். அந்தக் காலத்தில் செய்தி வாசிப்பவருக்கு வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பதில் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதையும் சொன்னார். தம்பியின் வாயோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. உள்ளே போனவன் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, எல்லாவற்றையும் சொன்னான்.

மாத்திரை உடனே கைகொடுக்கவில்லை. முதல் மாத்திரையில் எந்நேரமும் தூங்கி வழிந்தான், மாற்றினார்கள். கல்லூரியில் ஒரு வருஷம் வீணாயிற்று. சந்தேகங்கள் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து, ஒருநாள் அவனாகவே போனிலிருந்த காகிதத்தைப் பிய்த்துப் போட்டான். ஆனால் பழைய ஞாபகசக்தி அப்படியே திரும்பவில்லை. பாடப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது" என்று அழுதான்.

"நிக்காதவங்க கிளப்புக்கு வா, நான்தான் தலைவி" என்றாள் அவள். டேப் சுருளை அவன் மேசையில் வைத்தாள். எதைத் தலையில் சுமக்க வேண்டும், எதைச் சுவரில் ஒட்டிவிடலாம் என்று பிரித்துக் காட்டினாள். அவனுக்கு முதலில் மானப் பிரச்சினையாக இருந்தது. பரீட்சையில் தேறிய பிறகு இல்லை.

இப்போது அவன் ஒரு மருந்து மொத்தவியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறான். மாத்திரை தொடர்கிறது. அவள் சீனியர் மெக்கானிக். பஸ் கண்டக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வந்த முதல் நாளே அப்பா, தம்பி, மரபணு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் சர்க்கரை. அதைப் பத்தி யாரும் என்னைக் கேக்கலியே" என்றார் அவர். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ப் பேசிவிட்டு, பெற்றுக்கொண்டார்கள். மகள் ஓடுகிறாள், கத்துகிறாள், பொய் சொல்கிறாள். எல்லாக் குழந்தைகளையும் போலத்தான்.

சென்ற மாதம், கிண்டலடித்தவர்களிலேயே முதல் ஆளான சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். என்னென்னவோ பேசினார், விஷயத்துக்கு வரவில்லை. கடைசியில், "என் பொண்ணு ஒரு மாசமா ரூமை விட்டே வர்றதில்லம்மா. சுவத்தைப் பார்த்துப் பேசறா. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. உன் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"இப்போ வீட்ல இருக்காளா? கிளம்புங்க சார். போற வழியில எல்லாம் சொல்றேன்."