ஆவுடை பிடித்த மீன்

அந்த மீனை நான் பிடிக்கவில்லை.

பிடித்தவள் என் மனைவி ஆவுடையம்மாள். நான் பிடித்ததாகப் பொய் சொன்னேன். ஒரு முறை சொன்னதோடு நின்றேனா? இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன், கேளாதவர்களிடமும் சொன்னேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். "ஒரு மீன்தானே ஐயா! இதற்கா இத்தனை பீடிகை?" என்று கேட்கலாம். நானும் வெகுகாலம் என்னை அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன்... பொறுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவில், பவானிபூரில் குடியிருந்தோம். நான் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. நானும் ஆவுடையும் எங்கள் ஒரே மகள் செண்பகமும்தான் வீட்டில். ஆவுடை தாமிரபரணிக் கரைக்காரி. வங்காளம் ஓரளவு பேசுவாள். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. செண்பகத்துக்கு அப்போது ஒன்பது வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்தாள்.

கம்பெனித் துரை கோடைதோறும் மலைத் தோட்டங்களைப் பார்வையிடப் போவார். அந்த ஆண்டு கணக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு நானும் உடன் போக வேண்டியதாயிற்று. செண்பகத்துக்கு விடாத காய்ச்சல் வந்து தேறியிருந்த நேரம். மலைக்காற்று நல்லது என்றார் டாக்டர். "மனைவியையும் குழந்தையையும் அழைத்து வா, பாபு. பங்களாவின் பின்கட்டில் இரண்டு அறை காலியாக இருக்கிறது" என்றார் துரை.

சியால்தாவில் ரயிலேறினோம். நீராவிப் படகில் பத்மா ஆற்றைக் கடந்து, மறுகரையில் வேறு ரயில் பிடித்து, சிலிகுரியில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்தை அடைந்தோம். பங்களாவுக்குக் கீழே ஒரு சிற்றாறு ஓடிற்று. சற்றுத் தொலைவில் அது தீஸ்தா என்ற பேராற்றில் கலக்கும். தீஸ்தா பனி உருகிய நீரால் கலங்கிக் கிடந்த அந்த மாதத்திலும் சிற்றாறு கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது.

துரைக்கு மீன்பிடிப்பில் பித்து. புழு கோத்துப் பிடிப்பதை அவர் மதிக்கவே மாட்டார். இறகும் பட்டுநூலும் சுற்றிப் பூச்சி போலவே செய்த தூண்டில் முள். அதைத் தலைக்கு மேலே பின்னும் முன்னுமாக வீசி, நீர்மேல் மெல்ல உட்கார வைக்க வேண்டும். மெய்யான பூச்சி என்று நம்பி மீன் எழ வேண்டும். எனக்கும் ஒரு பழைய கழியைக் கொடுத்துக் கற்றுத்தந்தார். நானும் பத்து நாள் வீசினேன். என் பூச்சி நீரில் உட்கார்ந்ததைவிட மரக்கிளையில் உட்கார்ந்ததுதான் அதிகம்!

ஆவுடை கரையில் செண்பகத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். பார்ப்பாள்... அவ்வளவுதான்.

பதினோராம் நாள் துரைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நாங்கள் மூவரும் மட்டும் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். என் நினைவில் அதைப்போல் இன்னொரு பகல் இல்லை. செண்பகம் கூழாங்கல் பொறுக்கினாள். நான் வழக்கம்போல் மரக்கிளையோடு போராடினேன்.

"அத்தான், நான் ஒருதடவை வீசிப் பாக்கட்டுமா?" என்றாள் ஆவுடை.

சிரித்துக்கொண்டே கழியைக் கொடுத்தேன். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் உடனே வீசவில்லை. சேலையை வரிந்து செருகிக்கொண்டு முழங்காலளவு நீரில் இறங்கினாள். ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"நீங்க ரொம்ப அவசரப்படுதிய. பின்னால போன நூலு முழுசா நீளட்டும். அதுக்கு முன்னாலயே முன்னால இழுத்தா எப்படிப் போவும்?"

பத்து நாளாகத் துரை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் இதைத்தான். என் கைக்கு அது ஏறவில்லை. அவளுக்கோ யாரும் சொல்லவே இல்லை!

முதல் வீச்சு அருகிலேயே விழுந்தது. இரண்டாவது சற்று எட்டிற்று. மூன்றாவது... பெரிய பாறைக்குப் பின்னே, நீர் சுழன்று அடங்கும் இடத்தில், பூச்சி இறங்கியதுகூடத் தெரியவில்லை. நீர் பிளந்தது. பொன்னிறமாக ஏதோ புரண்டது. கழி வில்லாக வளைந்தது.

அந்த ஆற்றின் பெரிய மீன் அது. வங்காளிகள் மகாசோல் என்பார்கள். நூல் 'கிர்'ரென்று ஓடிற்று. நான் கரையில் நின்று கத்தினேன். "விட்டுரு! கழி ஒடிஞ்சா துரைக்கு என்ன பதில் சொல்ல?" அவள் காதில் வாங்கவில்லை. மீன் இழுத்த பக்கம் நடந்தாள். அது ஓய்ந்தபோது நூலைச் சுற்றினாள். வழுக்கி விழுந்து, மார்பளவு நனைந்து, கழியை விடாமல் எழுந்தாள். நூல் உரசி உள்ளங்கை கிழிந்தது. அரை மணி நேரம் அந்த மல்லுக்கட்டு நடந்தது. கடைசியில் அவளே அதை மணல்மேட்டுக்கு இழுத்து வந்து சேர்த்தாள். நிமிர்த்திப் பிடித்தால் செண்பகத்தின் மார்பளவு உயரம்!

அப்போது ஆவுடை சிரித்தாள். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அப்படியொரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மீனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னே நடந்தேன். கனமாயிருக்கிறதே என்றுதான் சுமந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்... அதுவரை என் மனத்தில் கபடம் இல்லை.

வராந்தாவில் சாய்ந்திருந்த துரை, வீங்கிய காலோடு துள்ளி எழுந்தார். "சபாஷ் பாபு! சபாஷ்! இவ்வளவு பெரியதை நானே பிடித்ததில்லையே!"

நான் வாய் திறக்கவில்லை. முதல் குற்றம் அதுதான். ஒரு சொல் போதும். "நான் அல்ல" என்ற ஒரு சொல்! அந்தச் சொல்லை விழுங்கினேன். ஏன்? ஒன்பது ஆண்டுகளாக என்னை வெறும் குமாஸ்தாவாகவே பார்த்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குலுக்கல் நிற்கக் கூடாதென்று இருந்தது.

துரைசானி வெளியே வந்தாள். அவள் கண் மீனைவிட ஆவுடையின் நனைந்த சேலையையும் கிழிந்த கையையும்தான் முதலில் கண்டது. நேரே அவளிடம் கனிவாக ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்காவ, அத்தான்?"

"நீ என்ன பண்ணினேன்னு கேக்காவ."

ஆவுடையின் முகம் மலர்ந்தது. "நான்தான் பிடிச்சேன்னு சொல்லுங்க! அந்தப் பாறைக்குப் பின்னாலதான் கிடக்கும்னு நெனச்சேன், மூணாவது வீச்சுல எந்திரிச்சுட்டுன்னு சொல்லுங்க!"

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "மீனைக் கண்டு பயந்து தண்ணீரில் விழுந்துவிட்டாளாம், அம்மா."

துரை வெடித்துச் சிரித்தார். துரைசானியும் சிரித்தாள். பட்லர்கூடச் சிரித்தான்.

அவர்கள் சிரிப்பதைக் கண்டு ஆவுடையும் சிரித்தாள்... தன் வெற்றியைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து!

செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட ஆங்கிலம் அவளுக்கு அந்த அளவு போதுமாயிருந்தது. "அப்பா..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பற்றி அழுத்தினேன். அவள் நிறுத்திக்கொண்டாள். ஒன்பது வயதுக் குழந்தையின் வாயை அப்படி அடைத்தேன்.

துரை புகைப்படம் எடுத்தார். ஆவுடையையும் நிற்கச் சொன்னாள் துரைசானி. "எங்கள் பெண்கள் படத்தில் நிற்பது வழக்கமில்லை" என்றேன். மீனும் நானும் மட்டும் நின்றோம்.

திரும்பி வரும்போது, பத்மாவைக் கடக்கும் படகில் ஆவுடை கேட்டாள்: "அன்னைக்கு அவுக அப்படிச் சிரிச்சாவளே, என்னத்தைச் சொன்னிய?"

"பொம்பளை பிடிச்சான்னதும் ஆச்சரியத்துல சிரிச்சாவ" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஆண்டே ஹெட் கிளார்க் ஆனேன். மீனுக்காக ஆக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகுதான் துரை என் பெயரை முழுதாகச் சொல்லி அழைத்தார்.

மறுகோடை வந்தது. மீண்டும் என்னை உடன் வரச் சொல்லித் துரை கடிதம் அனுப்பினார். "குடும்பத்தையும் அழைத்து வா" என்று அதில் எழுதியிருந்தார்.

"இந்த வருசமும் போவோமா?" என்றாள் ஆவுடை. "செண்பகத்துக்கும் லீவுதான். நானும்... அந்தக் கழியைக் கொஞ்சம் பிடிச்சுப் பாப்பேன்."

எண்ணிப் பாருங்கள், என் நிலையை! அவள் ஆற்றில் இறங்கி, துரை கண்ணெதிரே ஒரு முறை வீசினால் போதும். என் பொய் அங்கேயே செத்துவிடும். "குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னுட்டார் துரை" என்றேன்.

நான் தனியே போனேன். அந்த ஆண்டு மட்டுமா? துரை சீமைக்குத் திரும்பும்வரை ஆறு கோடைகள்! கைநீளம் தாண்டிய மீன் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. "அதிர்ஷ்டம் ஒரு முறைதான் வரும், பாபு" என்று துரை தேற்றுவார்.

செண்பகத்தைப் பெண் பார்க்க வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி மாப்பிள்ளையின் தகப்பனார் விசாரித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் காப்பித் தட்டோடு வந்த ஆவுடை, அமைதியாகச் சொன்னாள்:

"அவுக பிடிச்ச மீனு. நான் பயந்துபோய்த் தண்ணியில விழுந்துட்டேன்."

வார்த்தைக்கு வார்த்தை நான் ஆங்கிலத்தில் சொன்ன அதே பொய்! எல்லோரும் சிரித்தார்கள். செண்பகம் கதவோரத்தில் தலைகுனிந்து நின்றாள். அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னாள்? எத்தனை ஆண்டுகளாக ஆவுடை இதைத் தெரிந்தே வைத்திருந்தாள்? நான் கேட்கவில்லை. அன்றிரவும் சரி, மறுநாளும் சரி... கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

செண்பகம் மணமாகி நாகபுரிக்குப் போன மூன்றாம் ஆண்டு, மழைக்காலத்தில், ஆவுடைக்குக் காய்ச்சல் கண்டது. பதினெட்டு நாள் படுத்திருந்தாள். டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் பேசிய அன்று பிற்பகல், அவள் அருகில் உட்கார்ந்தேன். நெற்றித் துணியை மாற்றிவிட்டுச் சொன்னேன்:

"ஆவுடை, அந்த மீனு விசயத்துல நான் உனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருக்கும்!

"மீனா? அது போனாப் போவுது, அத்தான்" என்றாள். சற்று மூச்சு வாங்கினாள். "மறுவருசம் என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

நான் அவள் பக்கம் குனிந்தேன்.

"துரை கூட்டிட்டு வரச் சொல்லித்தான் எழுதியிருந்தாரு. செண்பகம் வாசிச்சுக் காட்டினா. ஒருதடவை போயிருக்கலாம். துரை இல்லாத பக்கமா, அங்கிட்டு எங்கயாவது நின்னுருப்பேன். நான்தான் பிடிச்சேன்னு யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான் பேசினாள். பிறகு தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

பார்த்தீர்களா? இத்தனை காலம் நான் என் குற்றத்தையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்! பேரைத் திருடினேன் என்று எண்ணி வருந்தினேன். பேரை அவள் பொருட்படுத்தவே இல்லை. அவள் கேட்டது ஆற்றை. முழங்காலளவு நீரில் நின்று ஒரு முறை வீசிப் பார்க்கும் பகலை. அதைக் கொடுக்க எனக்கு என்ன செலவு? எதுவுமில்லை! அவள் வாய் திறந்திருக்க மாட்டாள் என்பது, அவளோடு வாழ்ந்த எனக்குத் தெரியாமலா போயிற்று? தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் அஞ்சினேன்... என் அச்சம் அவளுடைய கோடைகளை ஒவ்வொன்றாகத் தின்றது.

இதைப் படிக்கும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்க வேண்டியவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதுகூடத் தவறான குற்றத்துக்காக. சரியான குற்றம் எதுவென்று அவள் சொல்லித் தெரிந்துகொண்டபோது, வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நான்கு நாள் அவகாசம் இருந்தது. அப்போதும் வரவில்லை.

அந்த ஆறு கோடைகளிலும் எனக்குப் பயணப்பெட்டி கட்டியவள் அவள்தான். கம்பளிச் சட்டையை மடித்து அடியில் வைப்பாள். மலைக்குளிருக்கு மிளகுப்பொடி, ஆறேழு நாளைக்குக் கெடாத புளிக்காய்ச்சல், மாற்று வேட்டி எல்லாம் எடுத்து வைப்பாள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தே வைத்தாள். பெட்டியைக் குதிரைவண்டியில் ஏற்றியதும் வாசலில் நின்று, "பாத்துப் போயிட்டு வாங்க, பாறை வழுக்கும்" என்பாள்.

சரி என்று சொல்லிவிட்டு, நான் ஏறிப் போய்விடுவேன்.